என் காப்பாளருக்கு எழுபத்தெட்டு வயது

ஐம்பத்தொரு வயதில், தொப்பையும் ரத்தக்கொதிப்பும் வாசிப்புக் கண்ணாடியுமாக, நான் சில வாரங்கள் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தேன். இளமை திரும்ப வேண்டும் என்று தவமெல்லாம் இருக்கவில்லை. சோம்பலால் வந்த வினை. போன ஆண்டு ஐப்பசி மாதம், தூத்துக்குடி மில்லர்புரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் தனக்குப் புதிய வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை எனக்கு அனுப்பி வைத்திருந்தாள். டாக்டர் என்னை ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வாசிப்பு இருக்கிறதே என்றேன். "அதான் பிரஷர் ஏறுது" என்றார். நான் வாசிக்கிற புத்தகங்களைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"வீடியோ கால்ல வாங்கப்பா, நான் சொல்லச் சொல்ல செட் பண்ணிடலாம்" என்றாள் மகள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடங்களாக ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்கிறவன் நான். ஏற்றுமதிக்காரர்கள் கொண்டுவரும் காகிதங்களில் தேதி ஒரு நாள் தப்பாக இருந்தாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துத் திருப்பி அனுப்புகிறவன். எனக்கா ஒரு பிறந்த தேதி போடத் தெரியாது?

கணக்கு தொடங்க, திரையில் பிறந்த வருடம் கேட்டது. நடப்பு வருடத்தில் ஆரம்பித்து, பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு வருடம் பின்னால் போனது. நான் பிறந்த வருடம் எங்கேயோ பல மைல் தள்ளி வேம்பார் பக்கம் இருந்தது; நான் புறப்பட்டதோ தூத்துக்குடியிலிருந்து. பாதிகூடப் போகவில்லை, ஆபீசிலிருந்து போன். துறைமுக வாசலில் ஒரு கண்டெய்னர் மாட்டிக்கொண்டதாம். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களைத் திட்டியபடியே, கையில் இருந்த பட்டனில் எதையோ அழுத்தினேன். வாழ்த்துகள், கணக்கு தயார் என்று வந்தது. வருடம் சரியாகப் பதியவில்லை என்று அப்போதே தெரியும். இருக்கட்டும், அப்புறம் அமெண்ட்மெண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் அமெண்ட்மெண்ட் உண்டு.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பெட்டிக்குள் இருக்கும் விளையாட்டுக் கடையைத் திறந்தால் முயல்கள், கரடிகள், பேசும் ரயில் வண்டிகள். வீடியோ கேம் என்றாலே வெட்டும் குத்தும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, இவ்வளவு பண்பான உலகமா இது என்று ஆச்சரியப்பட்டேன். இலவசமாகக் கிடைத்த ஒரு விளையாட்டில் முயலாக மாறி கேரட் பொறுக்கினேன். ரத்தக்கொதிப்பு உண்மையிலேயே இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகள் ஒரு விளையாட்டின் பெயரைச் சொன்னாள். பழைய துறைமுக நகரம் ஒன்றில் நடக்கிற கொலை வழக்கு. இரண்டு பேர் சேர்ந்து துப்பறிய வேண்டும். அவள் சென்னையில், நான் இங்கே. அடுத்த ஞாயிறு சாயங்காலம் சேர்ந்து ஆடலாம் என்றாள். வேலைக்குப் போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவதெல்லாம் மாத்திரை போட்டீர்களா என்பதோடு முடிந்துவிடும். முழுசாக ஒரு சாயங்காலம் தருகிறேன் என்கிறாள்! உடனே கடையில் போய்த் தேடினேன். அப்படியொரு விளையாட்டே இல்லை என்றது. அவள் அனுப்பிய இணைப்பு வழியாகப் போனேன். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், உங்களுக்கு வயது போதாது என்று வந்தது.

எனக்கு வயது போதாது! இதைக் கேட்டு முப்பது வருடம் ஆகியிருக்கும். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு கணக்கைத் திறந்து பார்த்தால், எனக்கு ஒன்பது வயது.

புதிதாக இன்னொரு கணக்கு தொடங்கினால் முடிந்தது என்பது இதைப் படிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில், ஒரு பில்லில் பிழை என்றால் அந்தப் பில்லைத்தான் திருத்த வேண்டும். அதே சரக்குக்கு இன்னொரு பில் போடுவது குற்றம். கால் நூற்றாண்டு இதைப் பிறருக்குப் போதித்துவிட்டு, ஒரு முயல் கடையில் போய் என் கொள்கையை விடுவதா? உதவிப் பிரிவுக்கு முறைப்படி எழுதினேன். பொருள், பார்வை, பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில் என்று எல்லாம் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பதில் உடனே வந்தது. வணக்கம் குட்டி நண்பா, எங்களுக்கு எழுதியதற்கு நன்றி, அம்மாவையோ அப்பாவையோ எங்களிடம் பேசச் சொல்கிறாயா என்று, பக்கத்தில் ஒரு பலூன் படத்தோடு.

ஆதார் அட்டையை ஸ்கேன் செய்து, சுயசான்றொப்பமிட்டு அனுப்பினேன். தலையில் பாதி வழுக்கையோடு இருக்கும் என் புகைப்படம் அதில் தெளிவாகவே தெரியும். சிறுவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆவணங்களை இணையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பக் கூடாது என்று அன்பாகக் கண்டித்துப் பதில் வந்தது. இந்த முறை பலூன் இல்லை.

சரி, காப்பாளர் ஒருவர் அனுமதித்தால் வாங்கலாம் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் காப்பாளரின் விவரம் கேட்டார்கள். என் மனைவியிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஒங்களுக்கு நான் பாக்குற காப்பாளர் வேலை போதும். கையெழுத்து வேற போடணுமாக்கும்" என்றாள். அவள் சம்மதித்திருந்தாலும் எனக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போது காப்பாளர் என்ற இடத்தில் வேறு பெயரைப் போடுவது தவறான அறிவிப்பு. ஆகவே அப்பாவின் மின்னஞ்சலைப் போட்டேன்.

இதில் கொள்கை பாதி, தந்திரம் பாதி. அப்பாவின் போனில் பூட்டு கிடையாது. அவர் மத்தியானம் தூங்கும்போது எடுத்து, நானே எனக்கு அனுமதி கொடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புன்னைக்காயலில் பிறந்து, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்து வந்து தளத்தில் நிறுத்துகிற படகு அது. எழுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். தினமும் காலையில் தன் மொபெட்டில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போவார். நாட்டுப் படகுகள் கரை சேரும் நேரம். பழைய கூட்டாளிகளோடு பேசி, ஏலத்தில் நாலு பேரோடு சண்டை போட்டு, நல்ல மீனாக வாங்கி வருவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அந்த ஆண்டு ஆவணி மாதம் ஒரு நாள், திரும்பி வரும்போது நேரே வீட்டுக்கு வராமல் துறைமுகச் சாலைப் பக்கம் போயிருக்கிறார். உப்பு லாரி சிந்திவிட்டுப் போன இடத்தில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டார். யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கையில் தோல் பெயர்ந்து, சட்டையெல்லாம் ரத்தம். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தை மறைக்கக் கோபப்பட்டேன். மேசைமேல் இருந்த வண்டிச் சாவியை எடுத்து என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இனி வண்டி கிடையாது, மீன் வேண்டுமானால் நான் வாங்கி வருகிறேன், எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் என்றேன்.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் நேரே பேசுவதையே விட்டுவிட்டார். ஒரே மேசையில் உட்கார்ந்து, "அவனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளும்மா" என்று என் மனைவியிடம் சொல்வார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் வேண்டும் என்று அவளிடம் சொல்வேன். இப்படியே ஐப்பசி வந்துவிட்டது. தெருவண்டியில் நான் வாங்கி வந்த மீனையெல்லாம் அவர் விரலால் கிளறிப் பார்த்து, ஒரு பெருமூச்சோடு ஓரம் ஒதுக்குவார். அந்தப் பெருமூச்சு மட்டும் நேரடியாக எனக்கு வரும்.

திட்டமிட்டபடி மத்தியானம் அவர் போனை எடுத்தேன். பூட்டியிருந்தது. புள்ளிகளை இணைத்துக் கோடு போடச் சொன்னது. பீரோவை நான் பூட்டியதும் அவர் போனைப் பூட்டியிருக்கிறார். தேவாலயச் சிலுவை, நங்கூரம், இழுவைப் படகின் முன்பக்கம் என்று எனக்குத் தோன்றிய வடிவமெல்லாம் போட்டுப் பார்த்தேன். அதற்குள் கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, என் போனை எலி சொரண்டுது" என்றார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் நினைவூட்டல் வந்து அவர் போன் சிணுங்கியது. கப்பல் கேப்டன்களோடு வயர்லெஸ்ஸில் பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. நிதானமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன் புருசனுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணு மாமா."

"இதுல ஒம்போதுன்னு போட்டிருக்கு. என் புள்ள என்கிட்ட ஏதோ வாங்கித் தரக் கேக்கானாம். குடுக்கவா வேண்டாமான்னு கம்பெனிக்காரன் கேக்கான்."

அவள் சட்னிக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஒரு அதிகாரியின் முகம் அவருக்கு வந்திருந்தது. அந்த முகத்தை நான் நன்கு அறிவேன். தினமும் காலையில் ஆபீசுக்குப் போகுமுன் கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

"கேட்டவன் வந்து கேக்கட்டும்மா. போன்ல கேட்டா எப்படி?"

கைகழுவிவிட்டு அவர் நாற்காலிக்கு எதிரே போய் நின்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"என்னல இது? ரத்தம்னு போட்டிருக்கு. வெட்டுக்குத்துன்னு போட்டிருக்கு. கெட்ட வார்த்தை, குடி, சிகரெட்டு. இதெல்லாம் எதுக்குல ஒனக்கு?"

"துப்பறியிற கதைப்பா. ஒரு கொலை நடக்கும், யாரு செஞ்சான்னு கண்டுபிடிக்கணும்."

"போலீஸ்காரன் எதுக்கு இருக்கான்?"

"வெளையாட்டுப்பா. ஒங்க பேத்தியும் நானும் ஞாயித்துக்கெழம சேந்து ஆடணும்னு இருக்கோம்."

பேத்தி என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் பதவி வந்தவர் உடனே கையெழுத்துப் போடுவாரா? "யோசிச்சுச் சொல்லுதேன், போ" என்றார். காத்திருப்பில் உள்ளது என்று திரையில் வந்தது. இதே சொல்லை எத்தனை ஏற்றுமதிக்காரர்களிடம் நான் வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன்! அதற்கு இவ்வளவு கனம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பில் இருந்தேன். இதற்கிடையில் அப்பா சும்மா இருக்கவில்லை. காப்பாளர்களுக்கான செயலியைப் போனில் இறக்கி, மூலைமுடுக்கெல்லாம் படித்திருக்கிறார். பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம் என்று அதில் வரம்பு வைக்கலாமாம். வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீசில் நொந்து நூலாகி வந்து, கேரட்டாவது பொறுக்குவோம் என்று உட்கார்ந்தேன். முயல் பாதி வேலியைத் தாண்டியிருந்தது. திரை இருண்டது. இன்றைய நேரம் முடிந்தது, வெளியே போய் விளையாடு என்றது.

எனக்கு வந்த கோபத்தில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் அறைவாசலில் போய் நின்று கத்தினேன்.

"யப்பா, என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? எனக்கு அம்பத்தொரு வயசு. எனக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீங்களா பூட்டுனா என்ன அர்த்தம்?"

அவர் போனை மடியில் வைத்தார். கோபமே இல்லாத குரலில், "ஒன் நல்லதுக்குத்தாம்ல" என்றார்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. அவர் சொன்ன வார்த்தையில் இரண்டு மாதங்களுக்கு முன் நான் வைத்த அதே சுருதி இருந்தது. அப்போது அது எவ்வளவு பாசமான வாக்கியமாக என் காதில் விழுந்தது! கேட்கிற இடத்தில் நின்றால், கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரி இருக்கிறது.

என் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. வேளை தவறாமல் சோறு போட்டுவிடுவோம், அவ்வளவுதான். அவர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அது கெடக்கட்டும். அந்த வெளையாட்டு என்னன்னு காட்டு மொதல்ல. பாக்காம எப்படி விடுதது?"

டிவியில் அந்த விளையாட்டின் முன்னோட்டத்தைப் போட்டேன். இருட்டான துறைமுகம், மழை, ஈரத்தில் மின்னும் கல்தளம். வலது ஓரத்திலிருந்து ஒருவன் கையில் விளக்கோடு நடந்து வருகிறான். அவன் திரையின் நடுப்பகுதிக்கு வந்த பிறகுதான் அப்பா, "யாருல இவன், எங்கனருந்து வந்தான்?" என்றார். மறுபடி போட்டேன். இந்த முறை அவர் கழுத்தை முழுக்க வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணால் பார்ப்பதைப் பார்த்தேன். கப்பலைத் தளத்தில் நிறுத்தும்போது பார்ப்பதுபோல் தோளும் சேர்ந்து திரும்பியது.

எனக்கு என்னவோ உறுத்தியது. இந்த முறை கத்தவில்லை. "அந்தப் பக்கம் தெரியலையாப்பா?" என்று கேட்டேன்.

கழுத்தை நேராக்கிக்கொண்டார். "வலக்கண்ணு மசங்குது" என்றார். "கோடையிலருந்தே. அன்னைக்கு உப்பு கெடந்தது அந்தப் பக்கந்தான். கண்ணுல படல."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா சாவியப் புடுங்குவ."

"சொல்லாமயே புடுங்கிட்டேனே."

"அதுக்கப்புறம் எதுக்குல சொல்லணும்?"

சாவி என் பீரோவில் பத்திரமாக இருந்தது. அந்தக் கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த நாளில் கத்துவதற்குப் பதிலாக, எப்படி விழுந்தீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயதைப் பார்த்தேன், முடிவு கட்டினேன். அந்த முயல் கடைக்காரனாவது பொய்யான வயதைப் பார்த்து என்னைத் தடுத்தான். அதிலும் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒரு வழி வைத்திருந்தான். நான் உண்மையான வயதைப் பார்த்து, ஒரு வழியும் வைக்காமல் பூட்டியிருக்கிறேன்.

"எங்க படகு கப்பல இழுக்கும்" என்றார் அப்பா திடீரென்று. "ஆனா கப்பல்காரன் சொல்லாம கயிற இறுக்க மாட்டோம். தெரியுமால?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சு என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து, நேர வரம்பையும் நீக்கி, அனுமதிக்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினார். "கெட்ட வார்த்தை வார எடத்துல சத்தத்தக் கொறச்சுக்க. ஒம் பொண்டாட்டி செபமாலை சொல்லுத நேரம். அப்புறம், அது யாரு செஞ்ச கொலைன்னு எனக்கும் தெரியணும். நானும் கூட இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள், குரலாக. அவளிடம் என் வயதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தாத்தா முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். "ஏளா, ஒங்கப்பனுக்கு நான்தான் பெர்மிஷன் குடுத்திருக்கேன், பாத்துக் கூட்டிட்டுப் போ." அவள் சிரித்து முடிக்கும்வரை கொலையாளிக்குத் தப்பி ஓட நிறைய அவகாசம் கிடைத்தது.

பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கான அந்தப் பயங்கரத்தை அப்பா எதிர்கொண்ட விதம் வேறு. பிணம் மிதந்துகொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற கப்பலைக் காட்டி, "எந்தக் கூறுகெட்டவன்ல கயிறு கட்டுனது? ஒரு சுத்துத்தான் சுத்தியிருக்கான். ராத்திரிக் காத்துக்கு இது கொழும்புல போயி நிக்கும்" என்றார். அடுத்த காட்சியிலும் கயிறுதான். மகள் மட்டும், "இருங்கப்பா, தாத்தா சொல்றதும் சரிதான், அந்தக் கப்பல்காரங்க உண்மையான கப்பல்காரங்களான்னு பாப்போம்" என்று அந்தப் பக்கமாகப் போனாள். அந்தக் கூட்டமே போலி என்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்குக் கிடைத்த மிக நல்ல ஞாயிறுகளில் அது ஒன்று.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். கண்புரை. சின்ன அறுவை சிகிச்சைதான் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் பேசினார். வழக்கமாக எல்லா டாக்டர்களும் அப்படித்தான், பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்பார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். டாக்டரும் புரிந்துகொண்டு அவர் பக்கம் திரும்பினார். அப்பா நாலு கேள்வி கேட்டார். எல்லாமே வண்டி பற்றியவை.

மார்கழி முடிவதற்குள் கண் தெளிந்துவிட்டது. பகலில் ஓட்டலாம் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லை, துறைமுகச் சாலைப் பக்கம் போவதில்லை என்பதெல்லாம் அப்பாவே வைத்துக்கொண்ட வரம்புகள். ஹெல்மெட் மட்டும் நான் கேட்டுக்கொண்டது. கேட்டதால் போட்டுக்கொள்கிறார். முதல் நாள் என்னைப் பின்னால் உட்கார வைத்துத் திரேஸ்புரம் வரை கூட்டிப்போனார். என் எடையால் வண்டி திணறியதே தவிர, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கடற்கரையில் அவருடைய கூட்டாளிகள் எழுந்து நின்று வரவேற்றார்கள். "அண்ணாச்சி, யாரு இது பின்னாடி?" என்று ஒருவர் கேட்டார். "நம்ம சின்னப் பையன்" என்றார் அப்பா. அன்று வீட்டில் விளைமீன் குழம்பு. "அவனுக்கு இன்னும் ரெண்டு துண்டு போடும்மா" என்று சொல்லப்போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, "ஏலே, இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்க" என்றார்.

அதிலிருந்து, யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று என் கை எதையாவது பூட்டப் போகும்போதெல்லாம், உள்ளே இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன். ஒரு வீடியோ கேம் கடை இதைக் கற்றுத் தந்தது என்று வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பூட்டியதை நானே திறந்து அவர் பக்கத்தில் சாவியை வைத்த அந்த வெள்ளிக்கிழமையை நினைக்கும்போது இன்றும் மனசு நிறைகிறது.

இதையெல்லாம் எழுதி முடித்து என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். சாவி கொடுத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நீவிவிட்டபடியே சொன்னாள்:

"நல்லாத்தான் எழுதியிருக்கீய. ஆனா வண்டி வாங்கும்போது ரெண்டு சாவி குடுப்பாங்கல்லா? இன்னொண்ணு மாமா பெட்டியிலதான் கெடந்துச்சு. கண்ணு சரியாகுத வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு அவராத்தான் எடுக்காம இருந்தாராம்."